காது மெசினுக்குப் பற்றரி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள்

யாழ்ப்பாண நகரில் காது மெசினுக்குப் பற்றரி வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். திகதி முடிந்த பற்றரியைப் புதிது என்று விற்கிறார்கள். அது சீக்கிரம் செத்துப்போனதும் "மெசின்தான் பழுது, புதுசு எடுங்கோ" என்று ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட செலவுக்குள் தள்ளுகிறார்கள். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் எப்படி ஏமாற்றினார்கள் என்பதை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. 1990இல் யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டை நடந்த நாட்களில் வீட்டுக்குக் கிட்ட விமானக் குண்டு விழுந்ததில் இடது காது மந்தமானது. வயது போகப் போக வலது காதும் குறைந்துவிட்டது. இந்த ஊரில் அவர் வயதுக்காரர் பலரிடம் இதே கதை இருக்கிறது. காதுக்குப் பின்னால் கொழுவும் மெசின் வந்த பிறகுதான் அம்மா திரும்பவும் ஆட்களோடு கதைக்கத் தொடங்கினார். பேரப்பிள்ளை போனில் பாடினால் கேட்பார், பக்கத்து வீட்டு அக்காவோடு வேலியடியில் நின்று கதைப்பார்.

அந்த மெசினுக்கு 13ஆம் அளவுப் பற்றரி. செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருக்கும். முந்தியெல்லாம் கனடாவிலிருந்து சித்தியின் மகள் அனுப்புவார். அந்தப் பற்றரிகள் ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிழமை மட்டில் தாராளமாக ஓடும். அவை முடிந்ததும் நகரில் மெசினும் பற்றரியும் விற்கும் ஒரு கடையில் அட்டை ஒன்று வாங்கினோம். ஆறு பற்றரி. ஆயிரத்துச் சொச்சம் ரூபா.

முதல் பற்றரி இரண்டு மூன்று நாளில் போய்விட்டது. சரி, ஒன்று பழுதாக இருந்திருக்கலாம் என்று அடுத்ததைப் போட்டோம். அதுவும் அப்படியே. பற்றரி முடியப்போகும்போது மெசின் காதுக்குள் "டிங் டிங்" என்று சத்தம் போடும். நல்லூர்த் திருவிழாவுக்குப் போய் வீதி சுற்றி முடிவதற்குள் அந்தச் சத்தம் கேட்டு, பிறகு மெசின் நின்றுவிட்டது. சுற்றிவர அவ்வளவு சனம், மேளம், நாதஸ்வரம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "வா, வீட்ட போவம்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பற்றரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று அம்மா மெசினைக் கழற்றி மேசையில் வைக்கத் தொடங்கிவிட்டார். யாராவது வந்தால் மட்டும் எடுத்துப் போடுவார். மற்ற நேரமெல்லாம் ஒன்றும் கேட்காமல் தனியே இருப்பார். இந்த வகைப் பற்றரியில் அதனால் பெரிதாக மிச்சமும் இல்லை. இதன் உள்ளே இருப்பது நாகம் (சிங்க்) என்ற உலோகம். வெளியிலிருந்து வரும் காற்றின் ஒட்சிசன் அதோடு சேர்ந்தால்தான் மின்சாரம் வரும். காற்று போவதற்காகப் பற்றரியின் மேல் ஊசிமுனை அளவு துளைகள் இருக்கும். அந்தத் துளைகளை மூடித்தான் நிறத்தாளை ஒட்டி அனுப்புகிறார்கள். தாளை உரித்த கணமே வேலை தொடங்கிவிடும். பிறகு கழற்றி வைத்தாலும் சரி, தாளைத் திரும்ப ஒட்டினாலும் சரி, முழுதாக நிறுத்த முடியாது. மூடி திறந்த சோடாப் போத்தலைத் திரும்ப இறுக்கி வைப்பது போலத்தான்.

மிச்சப் பற்றரிகளோடு அம்மாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் மரியாதையாகத்தான் கதைத்தார். ஆனால் என்னைப் பார்த்தே கதைத்தார், அம்மாவைத் திரும்பியும் பார்க்கவில்லை. மெசின் காதில் இல்லாமல் அம்மா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று ஒவ்வொரு முறையும் என் கையைத் தட்டிக் கேட்டார். மூன்றாம் தரம் தட்டியதும் கடைக்காரர் "அம்மாவை அங்கால இருக்கச் சொல்லுங்கோ தம்பி" என்றார். யாருடைய காதைப் பற்றிக் கதைக்கிறோமோ அவரையே ஒதுக்கி உட்கார வைக்கும் கடையில் நியாயம் எதிர்பார்க்க முடியாது என்று எனக்கு அப்போதே பட்டது.

ஒரு பற்றரியை எடுத்துத் தாளை உரித்து மீற்றரில் வைத்தார். 1.3 வோல்ற் என்று காட்டியது. "பாருங்கோ தம்பி, பற்றரியில ஒரு பிழையும் இல்லை. மெசின் பற்றரியைக் குடிக்குது. உள்ளுக்குள்ள சேர்க்கிட் போட்டுது. இது பழைய மொடல், இனித் திருத்த ஏலாது."

"அண்ணை, போன மாதம் வரைக்கும் இதே மெசின் நல்லா ஓடினது" என்றேன்.

"ஓம், அப்பிடித்தான் ஓடும், பிறகு ஒருநாள் போகும். பழசைத் தாங்கோ, அதுக்கு ஒரு விலை கழிச்சுப்போட்டு புதுசு தாறன்."

மீற்றரில் காட்டிய எண்ணை நம்பிப் பலர் இந்த இடத்தில் வாயடைத்துப் போவார்கள். அந்த எண்ணுக்கு இங்கே பெறுமதி குறைவு. இந்த வகைப் பற்றரி, உள்ளே இருப்பது தீரும் வரைக்கும் கிட்டத்தட்ட ஒரே வோல்ற்றைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கும். கடைசியில்தான் சட்டென்று விழும். மெசின் போல எதையும் இயக்கவைக்காமல் சும்மா மீற்றரில் வைத்துப் பார்த்தால், முக்கால்வாசி தீர்ந்த பற்றரியும் நல்லதைப் போலவே காட்டும். எத்தனை நாள் ஓடும் என்று மீற்றர் சொல்லாது. மெசின் விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க நியாயமில்லை.

அவர் சொன்னதில் பாதி உண்மையும் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். கேட்கும் திறன் கூடக் குறைந்தவர்களுக்குச் சத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள், அதற்குப் பற்றரி கூடச் செலவாகும். புளூடூத் வைத்துப் போன் கதைத்தாலும் அப்படித்தான். எங்கள் ஊர் வெக்கையும் புழுக்கமும் இந்தப் பற்றரிகளுக்கு ஒத்துவராது. ஆனால் அம்மாவின் மெசினில் புளூடூத் இல்லை. சத்தத்தின் அளவை யாரும் மாற்றவில்லை. வெக்கை கனடாப் பற்றரிக்கும் அதே வெக்கைதான்.

பழைய மெசினைக் கொடுக்காமல் திரும்பிவந்தேன். வீட்டில் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பின்பக்கத்தில், வழக்கமாகத் திகதி அடித்திருக்கும் மூலையில், விலைத்துண்டு ஒட்டியிருந்தது. முன்பக்கத்தில் அவ்வளவு வெற்றிடம் இருக்க, பின்பக்க மூலையில் விலை ஒட்டவேண்டிய தேவை என்ன? விரலில் தேங்காயெண்ணெய் தொட்டுத் துண்டின் மேல் தடவி, கொஞ்சம் ஊறவிட்டு நகத்தால் மெல்லக் கிளப்பினேன். கீழே 03-2021 என்று இருந்தது. நாங்கள் வாங்கியது 2024இல்.

பிறகு மிஞ்சியிருந்த பற்றரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டில் தாள் நேராக ஒட்டியிருக்கவில்லை. ஒரு பக்கம் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, பசையில் தூசியும் ஒரு நூல் இழையும் ஒட்டியிருந்தன. உரித்துப் பார்த்தால் துளையைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்தது போல ஒரு படிவு. ஏற்கெனவே உரித்ததைத் திரும்ப ஒட்டி அட்டைக்குள் செருகியிருக்கிறார்கள் என்றுதான் நான் நம்புகிறேன். திகதிக்கு அட்டை சாட்சி. இதற்கு நான் எடுத்து வைத்திருக்கும் படங்கள்தான் சாட்சி.

மெசினையும் சும்மா விடவில்லை. காது மூக்கு தொண்டைக் கிளினிக் மூலமாகக் கேட்கும் திறன் பார்க்கிறவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். சோதித்துவிட்டு, மெசினில் பழுதில்லை, காதுக்குள் வைக்கும் அச்சைத் துப்புரவாக்கினால் போதும் என்றார். திகதி சரியான வேறு அட்டை ஒன்றை வாங்கிப் போட்டோம். தாளை உரித்ததும் உடனே மெசினுக்குள் போடாமல் ஓரிரு நிமிடம் காற்றுப்பட வைத்துப் பிறகு போடச் சொல்லி அவர்தான் சொல்லித்தந்தார். முந்தி மாதிரியே ஒன்றரைக் கிழமை ஓடுகிறது. "சேர்க்கிட் போன" மெசின் அதேதான்.

அட்டையோடு திரும்பவும் கடைக்குப் போனேன். இந்தமுறை அந்த மரியாதை இல்லை. முதலில் "திகதி சும்மா அடிக்கிறது, பற்றரி என்ன சாப்பாடே பழுதாகிறதுக்கு?" என்றார். பற்றரிக்குத் திகதி சும்மா அடிப்பதில்லை. தாள் ஒட்டியிருந்தாலும் வருடக்கணக்கில் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்தும் கசிந்தும் போகும், வெயில் படும் கண்ணாடி அலுமாரியில் வைத்தால் இன்னும் கெதியாக. பிறகு "துண்டை நீங்களே ஒட்டியிருப்பியள்" என்றார். துண்டில் இருந்தது அவருடைய கடையின் விலைக் குறி. கடைசியாக "விற்ற சாமான் திருப்பி எடுக்கிறேல்லை, செய்யிறதைச் செய்யுங்கோ" என்றார்.

செய்தேன். வாங்கிய அன்று வெறும் துண்டுக் கடதாசியில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்கள். நான் நின்று கேட்டு முறையான பில் எடுத்து வைத்திருந்தது இப்போது கைகொடுத்தது. கேட்டால் பில் கொடுத்தே ஆகவேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க, பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் இருக்கிறது. திகதி, பொருள், எண்ணிக்கை, விலை எல்லாம் அதில் இருக்கவேண்டும். வாடிக்கையாளரைப் பிழையாக வழிநடத்தி விற்பதையும் அதே சட்டம் தடுக்கிறது. விற்பனை பற்றிய முறைப்பாட்டை அந்த அதிகாரசபைக்கு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். இந்த மூன்று மாதத்தைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். "அடுத்த கிழமை பாப்பம்" என்று கடைக்காரர் இழுக்கிறபோது நாள் போய்விடும். அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம். நான் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) எழுத்திலேயே கொடுத்தேன். பில்லின் பிரதி, அட்டையின் முன்பின் படங்கள், துண்டைக் கிளப்ப முன்னும் பின்னும் எடுத்த படங்கள், கிளினிக்கில் தந்த குறிப்பு எல்லாம் இணைத்தேன். அட்டையின் மூலத்தைக் கடைக்காரரிடம் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன்.

முறைப்பாடு போன செய்தி தெரிந்ததும் கடையிலிருந்து போன் வந்தது. அட்டைக் காசைத் தாறம், கடிதத்தைத் திருப்பி எடுங்கோ என்றார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆயிரத்துச் சொச்சம் ரூபாவுக்காக நான் இதைத் தொடங்கவில்லை. அம்மா கடைக்குத் தனியே போயிருந்தால், கடைக்காரர் சொன்னதை அரைகுறையாக விளங்கிக்கொண்டு, நல்ல மெசினைக் கொடுத்துவிட்டு, சேமிப்பையும் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருப்பார். எத்தனை வயோதிபர் அப்படி வந்திருக்கிறார்கள் என்பதுதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் தாய் தகப்பன் மட்டும் என்றிருக்கும் குடும்பங்கள் இங்கே எவ்வளவு! அங்கிருந்து காசு வருகிறது, மெசின் மாறுகிறது, பழைய மெசின் உண்மையிலேயே பழுதா என்று யாரும் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், பற்றரி பற்றியதுதான். இவை பார்ப்பதற்குச் சின்ன மாத்திரை போல இருப்பதால், மருந்துக் குளிசையோடு ஒரே தட்டில் வைத்து வயோதிபர் விழுங்கிவிடுவது நடக்கிறது. குழந்தைகள் மூக்கிலும் காதிலும் போட்டுவிட்டால் உள்ளே புண்ணாகும். முடிந்த பற்றரியையும் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அம்மா, அப்பா, பெரியம்மா யாராவது காது மெசின் பாவித்தால் இன்றைக்கே அட்டையை எடுத்துப் பாருங்கள். 10ஆம் அளவென்றால் மஞ்சள் தாள், 312 மண்ணிறம், 13 செம்மஞ்சள், 675 நீலம். அட்டையில் மாதமும் வருடமும் தெளிவாகத் தெரியவேண்டும். அந்த இடத்தில் துண்டு ஒட்டியிருந்தால் அங்கேயே நின்று கிளப்பச் சொல்லுங்கள். அட்டை இல்லாமல் தனித்தனியாக எடுத்துக் கொடுக்கும் பற்றரியை வாங்காதீர்கள். மெசின் பழுது என்று எவர் சொன்னாலும், முதலில் வேறு இடத்தில் வாங்கிய, திகதி சரியான பற்றரியைப் போட்டுப் பாருங்கள். அப்படியும் சரிவராவிட்டால் விற்பனைக்கு நிற்காத ஒருவரிடம் மெசினைக் காட்டுங்கள். அதற்கு முன் பழைய மெசினைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

அண்மையில் நகரில் இப்படிப் பற்றரி வாங்கி, மெசின் போய்விட்டது என்று சொல்லப்பட்டவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். மூன்று மாதம் கடக்கவில்லை என்றால் அட்டையையும் பில்லையும் எடுத்து வையுங்கள். கடிதத்தை நான் எழுதித் தருகிறேன், கச்சேரிக்கும் கூட வருகிறேன்.