‘வேலி உண்டு, கமரா உண்டு’ என்றார்கள். படகும் ட்ரெயிலரும் இல்லை: பயணம் போகும் மீன்பிடி நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை

எனது படகு, அதன் வெளியிணைப்பு இயந்திரம், ட்ரெயிலர், உள்ளே பொருத்தியிருந்த கருவிகள் என எல்லாமாக 18,400 டொலர் பெறுமதியான உடைமை, ‘வேலியிட்ட, இரவு பகலாகக் கமராவால் கண்காணிக்கப்படும் வளவு’ என்று விளம்பரம் செய்யப்பட்ட ஓர் இடத்திலிருந்து கடந்த வார இறுதியில் களவு போய்விட்டது. ஒன்ராறியோவில் படகை இழுத்துக்கொண்டு வெளியூர் போகும் தமிழர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால், ஆத்திரம் அடங்கும்வரை காத்திராமல் இதை எழுதுகிறேன். பயணத்தின்போது படகையும் ட்ரெயிலரையும் எப்படிக் காப்பது என்பதையும் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

இடத்தை ஏற்பாடு செய்து தந்தது ஒரு செயலி. காணியிலும் வீட்டு முற்றத்திலும் வெற்றிடம் வைத்திருப்பவர்களையும், வாகனமோ படகோ நிறுத்த இடம் தேடுபவர்களையும் இணைத்துவைத்து நடுவில் கட்டணம் எடுக்கும் வகையைச் சேர்ந்தது அது. அதன் பெயரையோ வளவுக்காரரின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. விடயம் நீதிமன்றத்துக்குப் போகக்கூடும் என்பதால் பெயர்களைப் பொதுவெளியில் போட வேண்டாம் என்று சட்டம் தெரிந்த நண்பர் ஒருவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதே மாதிரியான செயலிகள் பல இருக்கின்றன, விதிகளும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆகவே பெயர் தெரியாவிட்டாலும் இந்தப் பதிவு உங்களுக்குப் பயன்படும்.

மனைவியின் தமையனாருடைய மகளுக்கு மொன்றியலில் சாமத்தியவீடு. இலையுதிர் காலத்தில் பெரிய வோலாய் மீன்கள் ஒன்ராறியோ ஏரியிலிருந்து குவின்ரிக் குடாவுக்குள் வரத் தொடங்கும் என்பது மீன்பிடிக்காரர் எல்லோருக்கும் தெரியும். அந்தக் குடாவோ 401 நெடுஞ்சாலையில் மொன்றியல் போகும் வழியிலேயே இருக்கிறது. எனவே போகும்போது ஒரு நாள் பெல்வில் பக்கம் நின்று மீன் பிடித்துவிட்டு, படகை அங்கேயே பத்திரமாக நிறுத்தி, விழா முடிந்து திரும்பும்போது இழுத்துவருவது என்று திட்டமிட்டோம். மனைவியின் தம்பி முன்பே தொலைபேசியில் எச்சரித்திருந்தார்: “இஞ்ச ரோட்டில ட்ரெயிலரை விட்டால் ரிக்கெற்றும் வரும், படகும் போகும் அத்தான். வழியில எங்கயாவது காவல் உள்ள இடமாப் பார்த்து விட்டிட்டு வாங்கோ.” காவல் உள்ள இடம் என்று தேடித்தான் அந்தச் செயலிக்குள் போனேன்.

பட்டியலில் பார்த்த இடம் நெடுஞ்சாலையிலிருந்து பத்து நிமிட ஓட்டத்தில் இருந்த ஒரு பண்ணை வளவு. இரவுக்கு 22 டொலர், அதற்கு மேல் செயலியின் சேவைக் கட்டணம். படங்களில் ஆளுயரக் கம்பி வேலி, சங்கிலி போட்ட படலை, கம்பத்தில் கமரா எல்லாம் இருந்தன. அவற்றின் கீழே, செயலி தானே வழங்குவதாகச் சொல்லும் ‘பாதுகாப்பு உறுதி’யின் கேடய முத்திரையும் இருந்தது.

நாங்கள் போனபோது வளவுக்காரரே வந்து படலையைத் திறந்தார். வயதான மனிதர், அன்பாகப் பேசினார், பிள்ளைகளுக்குத் தன் மரத்து அப்பிள்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். கமரா வேலை செய்கிறதா என்று நான் கேட்க வாயெடுக்கும் முன்னரே தன் கைபேசியை நீட்டிக் காட்டினார். அதில் எங்கள் வாகனமும் ட்ரெயிலரும் நாங்கள் நின்ற நிலையும் தெளிவாகத் தெரிந்தன. மகன் கமராவைப் பார்த்துக் கையசைத்தான். ஒரு கணம் பிந்தி அந்தத் திரையிலும் ஒரு சிறுவன் கையசைத்தான். எல்லோரும் சிரித்தோம். நம்பிக்கை என்பது அந்த இடத்தில்தான் முழுமையாக வந்தது. கண்ணால் பார்த்த பிறகு சந்தேகப்படுவதற்கு என்ன இருக்கிறது?

அடுத்து நடந்ததுதான் இந்தப் பதிவின் மையம். ட்ரெயிலரைக் கழற்றி நிறுத்தியதும், வழக்கம்போலக் கப்ளருக்கு (வாகனத்தின் இழுவை உருண்டையில் பொருந்தும் ட்ரெயிலரின் முன்முனைப் பிடி) ஒரு பூட்டும், சில்லு ஒன்றுக்கு இறுக்கிப் பிடிக்கும் சில்லுப் பூட்டும் போட்டேன். அவர் மிகவும் பணிவாக, இரண்டையும் கழற்றிவிட வேண்டும் என்றார். பண்ணை வாகனங்கள் போய்வரும் பாதை என்பதால் தேவைப்பட்டால் ட்ரெயிலரை உழவு இயந்திரத்தால் நகர்த்த வேண்டியிருக்கும், செயலியின் விதியும் அதுதான் என்று விளக்கினார். நான் உடனே செயலியைத் திறந்து பார்த்தேன். ‘நிறுத்தப்படும் ட்ரெயிலர்கள் எந்நேரமும் நகர்த்தக்கூடிய நிலையில் இருத்தல் வேண்டும்’ என்று அந்த இடத்துக்கான நிபந்தனைகளில் உண்மையாகவே எழுதியிருந்தது. விதியை மீறினால் பாதுகாப்பு உறுதி செல்லாது என்றும் அதன் கீழே ஒரு வரி. ஆகவே பூட்டுகளைக் கழற்றி வாகனத்தின் பின்பெட்டியில் போட்டேன். 210 டொலர் கொடுத்து வாங்கிய அந்த இரண்டு பூட்டுகளும் மொன்றியல்வரை எங்களுடன் வந்து, விழாவையும் பார்த்துவிட்டு, ஒரு கீறல்கூட இல்லாமல் வீடு திரும்பியிருக்கின்றன.

ஞாயிறு மாலை திரும்பி வந்தபோது ட்ரெயிலர் நின்ற இடத்தில் சரளைக்கல் மட்டும் இருந்தது. நான் சில்லுகளுக்கு அணைகொடுத்திருந்த மரக்கட்டைகள் இரண்டும் புல்லுக்குள் எறியப்பட்டிருந்தன. ட்ரெயிலரின் முன்தாங்கிச் சில்லு இழுபட்ட கோடு ஒரு முழ நீளத்துக்குச் சரளையைக் கிழித்து, பிறகு சட்டென நின்றிருந்தது. அந்த இடத்தில்தான் அவர்கள் அதைத் தங்கள் வாகனத்தில் கொழுவித் தூக்கியிருக்கிறார்கள். பக்கத்தில், விளக்கு வயர்ச் செருகியை மூடும் கறுப்பு இறப்பர் மூடி கிடந்தது. திருடர்கள் அவசரப்படவில்லை, நெடுஞ்சாலையில் பொலிசார் மறிக்கக்கூடாது என்று ட்ரெயிலரின் பின்விளக்குகளுக்கு மின்னிணைப்பும் கொடுத்துவிட்டே போயிருக்கிறார்கள். படலைச் சங்கிலியில் வெட்டு இல்லை. பூட்டு உடைக்கப்படாமல், திறந்தபடி தொங்கியது.

பூட்டில்லாத கப்ளரை ஒரு பிக்கப் ட்ரக்கின் இழுவை உருண்டைமேல் இறக்கி, நெம்பை அழுத்தி, சங்கிலியைக் கொழுவ இரண்டு நிமிடம் போதும். பத்து நிமிடத்தில் 401. அதற்குப் பிறகு கிழக்கே மொன்றியலா, மேற்கே ரொறொன்ரோவா என்று எவருக்குத் தெரியும்?

வளவுக்காரரிடம் கமராப் பதிவைக் கேட்டேன். அன்று அப்பிள் தந்த மனிதரின் குரல் மாறியிருந்தது. அந்தக் கமரா நேரடியாகப் பார்ப்பதற்கு மட்டும்தான், பதிந்துவைப்பதற்கு மாதச் சந்தா கட்ட வேண்டும், அதைத் தான் கட்டுவதில்லை என்றார். இரவில் யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று கேட்டதற்கு, தான் உறங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். ‘இரவு பகலாகக் கண்காணிக்கப்படும்’ என்ற சொற்களை எழுதியது தான் அல்ல, செயலியில் இடத்தைப் பதியும்போது தெரிவுசெய்யக் கிடைத்த பெட்டிகளில் ஒன்று அது என்றும் சொன்னார். மேற்கொண்டு எதுவானாலும் செயலியுடன் பேசிக்கொள்ளுங்கள் என்று உள்ளே போய்விட்டார்.

செயலியுடன் பேசுவது என்றால் முதலில் ஓர் இயந்திரத்துடன் பேச வேண்டும். ‘எனது படகு திருடப்பட்டுவிட்டது’ என்று எழுதினால், ‘முன்பதிவை மாற்ற விரும்புகிறீர்களா?’ என்று அது கேட்கும். அதைத் தாண்டி ஒரு மனிதரைப் பிடித்தபோது அவர் வருத்தம் தெரிவித்தார், படிவம் அனுப்பினார், பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் கேட்டார், எல்லாம் கொடுத்தேன். அடுத்து வந்தவர் அதே படிவத்தை மீண்டும் கேட்டார். கடைசியில் வந்த மின்னஞ்சல் மூன்று காரணங்களைச் சொன்னது: படலையிலோ வேலியிலோ உடைத்து நுழைந்த தடயம் இல்லாததால் இது அவர்களது விதிப்படி களவு ஆகாது, பாதுகாப்பு உறுதி தன் எஞ்சினால் ஓடும் வாகனங்களுக்கு மட்டுமே, இழுக்கப்படும் ட்ரெயிலருக்கு இல்லை, ட்ரெயிலரின் மேல் இருந்த படகு ‘உள்ளடக்கப் பொருள்’, அதற்கும் இல்லை. படகு நிறுத்துமிடம் என்று தனிப்பிரிவே வைத்து, அதில் கேடய முத்திரையும் குத்தி, காசையும் வாங்கிக்கொண்டு, ட்ரெயிலருக்கும் படகுக்கும் உறுதி இல்லை என்கிறார்கள். படகு வேறு எதில் ஏறி வரும் என்று நினைத்தார்களோ தெரியவில்லை. நல்லெண்ணத்தின் அடையாளமாக அடுத்த நிறுத்தத்துக்கு 40 டொலர் கழிவு தருகிறார்களாம். என்னிடம் நிறுத்துவதற்குப் படகு இல்லை. போனது 18,400 டொலர்.

இனிக் காப்புறுதி. படகு எனது வீட்டுக் காப்புறுதியின் இணைப்பாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அவர்களுடைய அலுவலர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் பத்திரத்தில் ஒரு வாசகத்தைப் படித்துக்காட்டினார்: வீட்டுக்கு வெளியே, இழுக்கும் வாகனத்திலிருந்து கழற்றப்பட்ட நிலையில் ட்ரெயிலர் களவு போனால், களவின்போது கப்ளர் பூட்டோ சில்லுப் பூட்டோ போடப்பட்டிருந்தால் மட்டுமே இழப்பீடு. பூட்டுப் போட வளவின் விதி இடம் தரவில்லை என்று எழுத்து ஆதாரத்துடன் சொன்னேன். அது எனக்கும் அந்த வளவுக்கும் இடையிலான விடயம் என்றார். பூட்டுப் போட்டால் உறுதி செல்லாது என்று எழுதிவைக்க ஒரு நிறுவனத்துக்கு உரிமை இருக்கிறது, பூட்டுப் போடாவிட்டால் இழப்பீடு இல்லை என்று எழுதிவைக்க இன்னொரு நிறுவனத்துக்கு உரிமை இருக்கிறது, இரண்டுக்கும் ஒழுங்காகக் காசு கட்டியவனுக்கு 18,400 டொலர் நட்டம் மட்டும் இருக்கிறது.

பொலிசார் விபரங்களைப் பதிந்தார்கள். படகின் பின்பலகையில் வலப்பக்க மேல்மூலையில் பொறிக்கப்பட்டிருக்கும் 12 எழுத்திலக்க அடையாள எண்ணின் படமும், ட்ரெயிலர்த் தகட்டிலுள்ள 17 எழுத்திலக்க எண்ணின் படமும், இயந்திரத்தின் தொடர் இலக்கமும் என் கைபேசியில் இருந்ததால் அந்த வேலை விரைவாக முடிந்தது. இருக்கைக்கு அடியில், சாவிக்கொத்துகளில் மாட்டுகிற சிறு வில்லை போன்ற இடங்காட்டி ஒன்றையும் ஒளித்துவைத்திருந்தேன். சனி அதிகாலை நெடுஞ்சாலை ஏறும் இடத்துக்கு அருகில் ஒரு பெற்றோல் நிலையத்தைக் காட்டியதுடன் அது அடங்கிவிட்டது. அவ்வகை வில்லைகள், அந்நியர் ஒருவருடன் சேர்ந்து நகர்ந்தால் அவருடைய கைபேசிக்கே அறிவித்தல் கொடுக்கும்படி அமைக்கப்பட்டவை; பெண்களை எவரும் இரகசியமாகப் பின்தொடரக் கூடாது என்ற நல்ல நோக்கத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. என் விடயத்தில் திருடனுக்கு உதவியது.

பாதுகாப்பு முறைகளை விரிவாக எழுதுவதாக மேலே சொன்னேன். இப்போது அதற்கு மனமும் இல்லை, நாளை சிறு உரிமைக்கோரல் நீதிமன்றத்துக்கான பத்திரங்களை நிரப்ப வேண்டியும் இருக்கிறது. தொகை அதன் வரம்புக்குள் வருவதால் அங்கேயே போகலாம் என்கிறார்கள். ஆகவே அவசியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பூட்டைக் கழற்றச் சொல்லும் இடம் எதுவாக இருந்தாலும், வண்டியை இறக்காமல் அப்படியே திருப்பிக்கொண்டு போங்கள். கமரா இருக்கிறது என்றால் நேரடிக் காட்சியைப் பார்க்காதீர்கள், நேற்று இரவு இரண்டு மணிக்குப் பதிந்ததைக் காட்டச் சொல்லுங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் ‘கழற்றப்பட்ட நிலையில்’, ‘வீட்டுக்கு வெளியே’ என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று புறப்படும் முன்னர் தேடிப் படியுங்கள். இடங்காட்டி வைப்பதானால் தன் சொந்த சிம்மும் தன் சொந்த மின்கலமும் உள்ளதாக வையுங்கள். படகின் பிரதான மின் ஆளிக்குப் பின்னால் இணைத்தால், ஆளியை நிறுத்தியவுடன் அதுவும் செத்துவிடும். விடுதியில் தங்கினால் ட்ரெயிலரைக் கழற்றாமல் வாகனத்துடனேயே விட்டு, கப்ளர் நெம்புக்கும், இழுவை உருண்டை உள்ள ஹிச்சை வாகனத்துடன் பிணைக்கும் ஊசிக்கும் தனித்தனியே பூட்டுப் போடுங்கள். மீன் காட்டும் திரையைக் கழற்றி அறைக்குள் கொண்டுபோங்கள்.

களவு போன படகு 16 அடி நீள அலுமினியப் படகு, சாம்பல் நிறம், பக்கவாட்டில் கரும்பச்சைக் கோடு, 40 குதிரைவலு இயந்திரம். இடப்பக்க முன்மூலையில் இறங்குதுறைக் கல்லில் உரசிய, உள்ளங்கை அகல நெளிவு ஒன்று இருக்கிறது. ட்ரெயிலரின் வலப்பக்கச் சேற்றுக்காப்பு மட்டும் புதிது, பூசாத இரும்பு நிறத்தில் தெரியும். இப்படி ஒரு படகு இணையத்தில் மலிவாக விற்பனைக்கு வந்தால், பின்பலகை எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள். தயங்கினாலோ எண் சுரண்டப்பட்டிருந்தாலோ விற்பவருடன் பேச்சை வளர்க்காமல் நேரே பொலிசாருக்கு அறிவியுங்கள். எண் அவர்களிடம் இருக்கிறது.