மாடித்தொட்டிகளுக்குத் தானாகத் தண்ணீர்: மூன்று கோடை பார்த்த பிறகு

சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் மொட்டைமாடியில் 34 தொட்டிகள். கத்தரி, தக்காளி, மிளகாய் எல்லாம் குரோ பேக் எனும் செடிப் பையில். கறிவேப்பிலையும் மல்லிகையும் பெரிய சிமெண்ட் தொட்டியில். மூன்று வருடத்துக்கு முன்பு, அக்னி நட்சத்திரம் நடக்கும்போது ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போய் ஆறு நாள் கழித்துத் திரும்பினேன். ஏழு வருடம் வளர்த்த மல்லிகை சருகாகி நின்றது. அதற்குப் பிறகுதான் தானாகத் தண்ணீர் விடும் சாதனங்களைத் தேட ஆரம்பித்தேன்.

முதலில் வாங்கியது, தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துச் செருகும் சுட்டமண் கூம்பு. மண் காயக் காயக் கூம்பு தண்ணீரைக் கசியவிடும். செடிக்குப் பக்கத்தில் மண்பானை புதைத்துப் பாய்ச்சுவார்களே, அதே தத்துவம். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் எங்களுடையது உப்பான போர் தண்ணீர். ஐந்து மாதத்தில் கூம்பின் துளைகளில் வெள்ளையாக உப்புப் படிந்து கசிவே நின்றுபோனது. வினிகரில் ஊறவைத்தால் கொஞ்ச நாள் தாங்கும். மே மாத வெயிலில் ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு நாளுக்குக்கூட வராது. வீட்டுக்குள் வைக்கும் சின்னச் செடிகளுக்குத் தாராளமாக வாங்கலாம்.

அடுத்தது, வாளிக்குள் போடும் குட்டி மோட்டார் செட். வாளியைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்திருந்தேன். மோட்டார் நின்ற பிறகும் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. காலையில் வாளி காலி, நான்கு தொட்டியில் வெள்ளம். குழாயின் முனை வாளித் தண்ணீரைவிடத் தாழ்வாக இருந்தால், தொடங்கிவைத்த ஓட்டம் தானாக நிற்காது. வாளியைத் தரையில் இறக்கி, குழாய் முனைகளை அதைவிட உயரத்தில் வைத்ததும் சரியாகிவிட்டது. பால்கனியில் பத்துத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது போதும்.

எனக்குப் போதவில்லை. அதனால் மாடி டேங்க் குழாயில் மாட்டும் டைமர் ஒன்றை வாங்கினேன். திறந்தது, மூடவேண்டிய நேரத்தில் முழுதாக மூடவில்லை. விடிவதற்குள் டேங்கில் பாதி போய்விட்டது. பாரிமுனையில் சொட்டுநீர்ச் சாமான் விற்கும் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "அக்கா, இது சொலினாய்டு. பிரஷர் இருந்தாத்தான் ஒழுங்கா மூடும். உங்க டேங்க் தண்ணிக்கு பால் வால்வு டைமர் போடுங்க" என்றார். சொலினாய்டு என்றால் மின்காந்தத்தால் திறந்து மூடும் வால்வு; பால் வால்வு (ball valve) என்றால் உள்ளே துளையிட்ட உருண்டை திரும்பித் திறந்து மூடும் வால்வு. இந்த ஒரு விஷயத்தை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் பணமும் மிஞ்சியிருக்கும், ஒரு கோடையும் மிஞ்சியிருக்கும். பத்து மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். எங்கள் டேங்க் தொட்டிகளைவிட ஐந்து அடிதான் உயரம், அதாவது 0.15 பார். பால் வால்வு டைமரில் ஒரு சின்ன மோட்டார் வால்வைத் திருப்பித் திறந்து மூடுகிறது. அதற்குத் தண்ணீர் அழுத்தம் தேவையில்லை. இரண்டரை வருடமாக அதுதான் ஓடுகிறது.

குழாயிலிருந்து ஒவ்வொரு செடிக்கும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் டிரிப்பர் வாங்கும்போதும் இதே கணக்குதான். அழுத்தத்தைச் சமன்படுத்தும் விலை கூடின டிரிப்பர்கள் இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் சரியாக வேலை செய்யாது. கழற்றிக் கழுவக்கூடிய சாதாரண டிரிப்பரே நல்லது. மணிக்கு 2 லிட்டர் என்று போட்டிருந்ததை அளவுக்கோப்பை வைத்து அளந்து பார்த்தேன். முக்கால் லிட்டர்தான் வந்தது. அதனால் காலையும் மாலையும் நாற்பது நிமிடம் ஓடவிடுகிறேன். தக்காளிப் பைக்கு இரண்டு டிரிப்பர், மிளகாய்க்கு ஒன்று. டேங்க் பக்கம் ஒரு ஃபில்டர் கட்டாயம் வேண்டும். அப்படியும் மாதம் ஒருமுறை டிரிப்பர்களைக் கழற்றி வினிகரில் போடுகிறேன். கறுப்புக் குழாயாகவே வாங்குங்கள். வெளிச்சம் ஊடுருவும் குழாயில் பாசி பிடிக்கும்.

அடியில் தண்ணீர்த் தட்டு உள்ள தொட்டி இரண்டும் இருக்கின்றன. கீழிருந்து தண்ணீர் ஏறுவதால் உப்பு மேல்மண்ணில் வந்து படிகிறது; அவ்வப்போது மேலே நிறைய ஊற்றிக் கழுவிவிட வேண்டும். உபரி நீர் வெளியேற ஓட்டை இல்லாததை வாங்காதீர்கள். ஐப்பசி மழையில் வேர் அழுகும். நிரப்பும் வாயை மூடிவைக்காவிட்டால் கொசு முட்டையிடும்.

சமையலறை ஜன்னலில் இருக்கும் புதினாவுக்கு மட்டும் இன்னும், பாத்திரத்துத் தண்ணீரை உறிஞ்சி மண்ணுக்குக் கொடுக்கும் திரிதான். பருத்தித் திரி சில மாதத்தில் மக்கிவிட்டது, இப்போது நைலான் கயிறு.

டைமரில் ஒரு ஆபத்து உண்டு. திறந்திருக்கும்போது பேட்டரி தீர்ந்தால், எங்களுடையது அப்படியே திறந்து நிற்கும். அதனால் ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே புது பேட்டரி போட்டுவிடுகிறேன். அந்த இரண்டு நாளும் கைக்குழாயைத் தொடாமல், ஒவ்வொரு பையிலும் விரலை விட்டு ஈரம் பார்க்கிறேன்.