ஓபிஎஸ் ஸ்டூடியோ: நேரலை எங்கே திக்குகிறது என்று காட்டிக் கொடுக்கும் மென்பொருள்

பத்துமலைத் தைப்பூசமோ, பினாங்கு தண்ணீர்மலைக் கோயில் பூசையோ, பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துக் கல்யாணமோ, நேரலையாகக் காட்ட நினைப்பவர்களுக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டியது ஓபிஎஸ் ஸ்டூடியோதான். 2012 முதல் இலவசமாகக் கிடைக்கும் திறந்தமூல மென்பொருள் இது. படத்தின் மேல் விளம்பர முத்திரை விழாது, நேரக் கட்டுப்பாடும் கிடையாது. இதைவிடப் பெரிய காரணம், படம் திக்கும்போது நோய் எங்கே என்று இது பிரித்துச் சொல்லிவிடும் என்பது.

டாக்ஸ் மெனுவில் ஸ்டாட்ஸ் பலகத்தைத் திறந்து வையுங்கள். டிராப்டு ஃபிரேம்ஸ் (வழியில் விடுபட்ட ஃபிரேம்கள், அதாவது வீடியோவின் ஒற்றைப் படங்கள்) ஏறினால் இணைய லைன் கோளாறு. என்கோடிங் லேக் ஏறினால் படத்தைச் சுருக்கும் வேலை கணினிக்குத் தாங்கவில்லை. ரெண்டரிங் லேக் ஏறினால் கிராபிக்ஸ் சிப் திணறுகிறது. இதைப் பார்க்காமல் செட்டிங்ஸில் கைவைப்பது வீண் வேலை.

லைன் கோளாறுக்கு முதலில் வைஃபையை விட்டுவிட்டுக் கேபிளைச் செருகுங்கள். ஃபைபர் பேக்கேஜில் பெரிதாகப் போடுவது டவுன்லோடு வேகம். நேரலைக்கு வேண்டியது அப்லோடு. அதை நிகழ்ச்சி நடக்கும் இடத்திலேயே சோதித்து, வரும் எண்ணில் 70 சதவீதத்துக்குள் பிட்ரேட்டை, அதாவது விநாடிக்கு அனுப்பும் தரவின் அளவை, வையுங்கள். 720பி, 30 ஃபிரேமுக்கு 3000 கேபிபிஎஸ் போதும். 1080பி என்றால் 4500 முதல் 6000 வரை. பிட்ரேட் மாறாமல் இருக்க சிபிஆரைத் தேர்ந்தெடுங்கள். கீஃபிரேம் (முழுப் படமாகப் போகும் ஃபிரேம்) இடைவெளி 2 விநாடி. பத்துமலையில் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்புபவர்கள் கூட்டம் இல்லாத நாளில் எடுத்த அளவை நம்ப வேண்டாம். அட்வான்ஸ்டு பகுதியில் பிட்ரேட்டைத் தானாகக் குறைக்கும் வசதி இருக்கிறது, அதை இயக்கி வையுங்கள். படம் சற்று மங்கும், ஆனால் அறுபடாது.

என்கோடிங் லேக்குக்கு மருந்து சுலபம். சிபியூவை வேலை வாங்கும் எக்ஸ்264-ஐ விட்டு, சுருக்கும் வேலைக்கென்றே தனிச் சுற்று உள்ள என்விடியாவின் என்வென்க் அல்லது இன்டெலின் குயிக் சிங்க்குக்கு மாறுங்கள். இரண்டும் இல்லாத பழைய கணினியில் எக்ஸ்264-இன் பிரிசெட்டை (வேக முன்னமைப்பை) வெரிஃபாஸ்டிலிருந்து சூப்பர்ஃபாஸ்டுக்கு மாற்றி, அவுட்புட்டை 720பிக்கு இறக்குங்கள். ரெண்டரிங் லேக் என்றால், கணினியில் கேமும் ஓடினால் அதன் ஃபிரேம் வேகத்துக்கு வரம்பு வைத்து, விண்டோஸில் ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். அப்போது கிராபிக்ஸ் சிப்பில் அதற்கு முன்னுரிமை கிடைக்கும். மடிக்கணினி சார்ஜரில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்று எண்ணும் பூஜ்யமாக இருந்தும் படம் குதிக்கிறதா? ஓபிஎஸ்ஸின் உண்மையான குறை இங்கேதான். கேமரா எத்தனை ஃபிரேம் அனுப்புகிறது என்பதை ஸ்டாட்ஸ் காட்டாது. கருவறையில் விளக்கொளி மட்டும் இருக்கும்போது வெப்கேம் தானாகவே எக்ஸ்போஷரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளியை வாங்கும் நேரத்தை, நீட்டிக்கொள்ளும். ஒரு ஃபிரேமுக்கு 1/15 விநாடி எடுத்தால் விநாடிக்கு 15 ஃபிரேமுக்கு மேல் எப்படி வரும்? தீபாராதனையில் கை நகர்வது விட்டுவிட்டுத் தெரிவது இதனால்தான். சோர்ஸ் பிராப்பர்ட்டீஸில் கான்ஃபிகர் வீடியோவை அழுத்தி, ஆட்டோ எக்ஸ்போஷரையும் லோ லைட் காம்பன்சேஷனையும் அணையுங்கள். படம் இருட்டினால் சன்னிதிக்கு வெளியே ஒரு விளக்கைக் கூட்டுங்கள்.

கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் கிடைக்கும், கேமரா படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் மலிவான எச்டிஎம்ஐ கேப்சர் கார்டுகளிலும் கவனம் தேவை. 1080பி, 30 ஃபிரேம் படம் சுருக்காமல் ஒய்யுஒய்2 வடிவில் வந்தால் விநாடிக்கு ஏறக்குறைய 995 மெகாபிட். யுஎஸ்பி 2.0-இன் உச்ச வரம்போ 480தான். ஆகவே ஃபிரேம்கள் குறைந்துவிடும். ரெசல்யூஷனை கஸ்டம் ஆக்கி, வீடியோ ஃபார்மேட்டில், ஒவ்வொரு ஃபிரேமையும் சுருக்கி அனுப்பும் எம்ஜேபெக்கைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு கார்டு இருந்தால் ஒரே ஹப்பில் செருகாமல், கணினியின் தனித்தனித் துளைகளில் செருகுங்கள்.

நாதஸ்வரமும் படமும் ஒட்டாமல் போனால் ஓபிஎஸ்ஸிலும் மிக்சரிலும் விண்டோஸிலும் ஒலி மாதிரி விகிதம் 48 கிலோஹெர்ட்ஸாக ஒன்றுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். பதிவையும் கூடவே எடுப்பவர்கள் எம்கேவி வடிவிலேயே வையுங்கள். மின்சாரம் போனாலும் அதுவரை பதிவானது பிழைக்கும். பிறகு ஃபைல் மெனுவில், கோப்பின் உறையை மட்டும் மாற்றும் ரீமக்ஸ் கொடுத்தால் தரம் குறையாமல் எம்பி4 ஆகிவிடும்.