ரீபில்டபிள் அட்டமைசர்: மெக்கானிக்கலிலும் ரெகுலேட்டரிலும் நீண்ட நாள் பயன்படுத்தியதில் தெரிந்தவை

வேப் எனப்படும் மின் சிகரெட்டில் திரவத்தை ஆவியாக்கும் மேல்பகுதி அட்டமைசர், அதற்குள் சூடாகும் கம்பிச் சுருள் காயில், கீழே பேட்டரி இருக்கும் பகுதி மாட். சொந்தமாகக் காயில் கட்டிக்கொள்ளும் ரீபில்டபிள் அட்டமைசர்களை மெக்கானிக்கல் மாட், சிப் வைத்த ரெகுலேட்டட் மாட் இரண்டிலும் பல வருடங்களாக மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். ருசி, ஆவி, தோற்றம் பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பாதுகாப்பைப் பற்றி எழுதுகிறேன். அட்டமைசரும் காயிலும் அதேதான் என்றாலும், கீழே மாட்டுகிற கருவி மாறினால் ஆபத்து வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. புதிதாகக் காயில் கட்டக் கற்றவர்கள் பலருக்கு இது பிடிபடுவதே இல்லை.

இது ஏற்கெனவே வேப் செய்கிற பெரியவர்களுக்காக எழுதுவது. புகைப்பழக்கம் இல்லாதவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது, நிகோட்டின் லேசில் விடாது. சில நாடுகளில் இந்தக் கருவிகளுக்கே தடை இருக்கிறது. உங்கள் ஊர்ச் சட்டம் என்ன என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, மெக்கானிக்கலில் இருந்து தொடங்குகிறேன். அது ஒரு உலோகக் குழாய், ஒரு பட்டன், உள்ளே ஒரு பேட்டரி, அவ்வளவுதான். பட்டனை அழுத்தினால் பேட்டரியில் இருக்கிற வோல்டேஜ் நேராகக் காயிலுக்குப் போகும். முழுதாகச் சார்ஜ் ஆன லித்தியம் அயான் பேட்டரியில் 4.2 வோல்ட் இருக்கும். எவ்வளவு மின்னோட்டம் ஓடும் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் கட்டிய காயில்தான். வோல்டேஜை ரெசிஸ்டன்ஸால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 0.5 ஓம் காயிலில் 8.4 ஆம்பியர், 0.2 ஓமில் 21, 0.1 ஓமில் 42. ரெசிஸ்டன்ஸ் எண் சின்னதாகக் குறைந்ததுபோல் தெரியும், மின்னோட்டம் கிடுகிடுவென்று ஏறிவிடும். 0.5 ஓமில் இருந்து 0.45க்கு இறங்கினால் ஒரு ஆம்பியர்கூட ஏறாது. 0.15இல் இருந்து 0.10க்கு இறங்கினால் அதே 0.05 வித்தியாசத்துக்கு 14 ஆம்பியர் கூடுகிறது. குறைந்த ஓம் காயில் கட்டுகிறவர்கள் மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது.

இந்த மின்னோட்டத்தைப் பேட்டரி தாங்குமா என்பது அடுத்த கேள்வி. 18650 என்ற உருளைப் பேட்டரி அளவில் சாம்சங் 25ஆர் பேட்டரியின் தொடர் மின்னோட்ட அளவு, அதாவது இடைவிடாமல் தரக்கூடிய மின்னோட்டம், 20 ஆம்பியர், 30க்யூவுக்கு 15. அதிக மில்லியாம்பியர் மணி இருந்தால் அதிகச் சக்தி என்று நினைத்து 30க்யூவை வாங்கி, 25ஆருக்காகக் கணக்குப் போட்டுக் கட்டிய காயிலில் மாட்டுகிறவர்கள் உண்டு. அதில் 3000 மில்லியாம்பியர் மணி இருப்பது உண்மைதான், கூடுதல் நேரம் ஓடும். ஆனால் தாங்கும் மின்னோட்டம் குறைவு. அப்புறம், மேலுறையில் 35, 40 என்று பெரிய எண்ணாக அச்சடித்து விற்கிற, வேறு யாரோ தயாரித்த பேட்டரிக்குப் புது உறை போட்ட சரக்குகளும் இருக்கின்றன. பெரும்பாலும் அந்த எண் ஓரிரு வினாடிகளுக்கான உச்ச அளவு, அல்லது வெறும் விளம்பரம். தயாரித்தவர் தரும் தொடர் மின்னோட்ட அளவைத் தவிர வேறெதையும் நான் கணக்கில் எடுப்பதில்லை. மெக்கானிக்கலுக்கு அதிலும் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமல் கட்டுகிறேன். 20 ஆம்பியர் பேட்டரி என்றால் 0.35 ஓம் காயில், அதாவது 12 ஆம்பியர், சுமார் 50 வாட். பேட்டரிக்கு வயதாக ஆகத் தாங்கும் திறனும் குறையும் என்பதால் அந்த இடைவெளி தேவைப்படுகிறது.

இனி 510 இணைப்பு, அதாவது அட்டமைசரை மாடில் திருகி மாட்டும் இடம். உண்மையான ஆபத்தில் பெரும்பகுதி இந்தச் சின்ன இடத்தில்தான் இருக்கிறது. அட்டமைசரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். வெளியே மரை, அது நெகட்டிவ். நடுவில் ஒரு முள், அது பாசிட்டிவ். இரண்டுக்கும் நடுவே வளையம்போல ஓர் இன்சுலேட்டர். ஹைப்ரிட் வகை மெக்கானிக்கலில் இடையில் வேறு இணைப்பு எதுவும் கிடையாது, இந்த முள் பேட்டரியின் பாசிட்டிவ் முனையையே நேராகத் தொடும். முள் வெளியே நீட்டிக்கொண்டிருக்காமல் மரையோடு சமமாக இருந்தாலோ, ஸ்பிரிங் வைத்ததாக இருந்து உள்ளே அமுங்கிவிட்டாலோ, மரையின் விளிம்பும் சேர்ந்து பேட்டரியின் தலையில் உட்காரும். அப்போது பட்டனை அழுத்தினால் மின்சாரம் காயிலைத் தேடிப் போகாது. பாசிட்டிவில் இருந்து மரை வழியாகக் குழாய்க்குத் தாவி நெகட்டிவுக்குப் போய்விடும், நேர் ஷார்ட் சர்க்யூட். பட்டன் ஏற்கெனவே அமுங்கிய நிலையில் இருந்தால் அட்டமைசரைத் திருகும்போதே இது நடக்கும். அதனால் அட்டமைசரைப் பக்கவாட்டில் கண் மட்டத்தில் பிடித்து, மரையின் விளிம்புக்கு மேலே முள் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்ப்பேன். அப்புறம் நகத்தால் அழுத்துவேன், அசையக் கூடாது. ஒரு மில்லிமீட்டர்கூட வெளியே தெரியாத முள், தொட்டால் அமுங்குகிற முள் எதுவும் ஹைப்ரிடில் ஏறக் கூடாது. திரவத்தைத் தேக்கி வைக்கிற, ரெடிமேட் காயில் போடும் டேங்குகளுக்கு அங்கே இடமே இல்லை. பல டிரிப்பர்களில் (திரவத்தைச் சொட்டு விட்டுப் பயன்படுத்தும் அட்டமைசர்கள்) அந்த முள்தான் பாசிட்டிவ் போஸ்டை, அதாவது காயிலின் காலை மாட்டும் தூணை, பிடித்திருக்கும் ஸ்க்ரூ. போஸ்ட் ஆடுகிறதே என்று அதை இறுக்கினால் முள்ளும் உள்ளே போகும். ஆகவே டெக்கை, அதாவது காயில் கட்டும் அடித்தட்டை, கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் முள்ளை மறுபடி பார்க்க வேண்டும்.

அடுத்து பேட்டரியின் மேலுறை. ஒரு 18650ஐ வெளிச்சத்தில் மெல்ல உருட்டிப் பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குக் கீழே இருக்கிற உலோக உடல் முழுவதும் நெகட்டிவ்தான். பாசிட்டிவ் முனையைச் சுற்றியுள்ள தோள்பட்டைகூட நெகட்டிவ்தான். அங்கே இரண்டையும் பிரிப்பது ஒரு சின்ன வளையமும் உறையின் மடிந்த ஓரமும் மட்டுமே. குழாயில் போட்டு எடுத்துப் போட்டு எடுத்து, உறை முதலில் தேய்வது அந்த ஓரத்தில்தான். பிளாஸ்டிக் ஓரத்தில் நூல் அளவு கீறல், அதற்குள் வெள்ளியாக ஒரு மினுக்கம் தெரிந்தால் அந்தப் பேட்டரி கருவிக்குள் போகக் கூடாது. புது உறையும் வளையமும் சில காசுக்குக் கிடைக்கின்றன. ஹேர் டிரையர் சூட்டில் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். உடலில் நசுங்கல் இருந்தால் மட்டும் உறை மாற்றிப் பயனில்லை, அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மெக்கானிக்கல் வாங்கும்போது நான் பார்ப்பது இரண்டு. ஒன்று, வாயு வெளியேறத் துளைகள் இருக்க வேண்டும். பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாகி வாயுவைக் கக்கும்போது அதற்கு வழியில்லை என்றால் இரண்டு பக்கமும் மரை போட்டு மூடிய உலோகக் குழாய் வெடிக்கிற குழாயாகிவிடும். 2018 மே மாதம் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒருவரும், 2019 ஜனவரியில் டெக்சாஸில் ஒருவரும் வேப் கருவி வெடித்து உயிரிழந்தார்கள். முகத்துக்கு அருகே பிடிக்கிற பொருள் இது, நினைவிருக்கட்டும். இரண்டாவது, பட்டனுக்குப் பூட்டு. கையில் இல்லாத நேரமெல்லாம் பூட்டியே இருக்க வேண்டும். பையில் போடுவதாக இருந்தால் பேட்டரியையே கழற்றிவிடுவேன்.

பயன்படுத்தும்போது பட்டன் சுடுகிறது என்றால் அலட்சியம் வேண்டாம். மரைகளில் அழுக்கு படிந்து தொடர்பு சரியில்லாமல் போயிருக்கலாம். ஐசோப்ரோபில் ஆல்கஹாலில் துடைத்தால் சரியாகும். துடைத்த பிறகும் சுட்டால், பட்டனுக்குள் இருக்கிற ஸ்பிரிங் தாங்காத அளவு மின்னோட்டம் ஓடுகிறது என்று அர்த்தம். சூட்டில் ஸ்பிரிங் தளர்ந்து உட்கார்ந்துவிட்டால் பட்டன் அமுங்கியபடியே நின்றுவிடும். அப்புறம் மெக்கானிக்கலில் பேட்டரி தீர்ந்ததைச் சொல்ல ஆள் கிடையாது. ஆவி மெலிந்துவிட்டது என்று தோன்றியதும் எடுத்து மீட்டரில் பார்ப்பேன். ஓய்வு நிலையில் 3.5 வோல்ட் அருகே வந்திருந்தால் சார்ஜருக்குப் போகும். கடைசிச் சொட்டு வரை உறிஞ்சினால் பேட்டரி உள்ளுக்குள் கெடும்.

இரண்டு பேட்டரியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் மெக்கானிக்கல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 8.4 வோல்ட், அதே 0.5 ஓம் காயிலில் 16.8 ஆம்பியர், 141 வாட். எனக்கு அதில் உடன்பாடில்லை, யாருக்கும் சிபாரிசு செய்வதும் இல்லை.

ரெகுலேட்டட் மாடுக்கு வருவோம். உள்ளே இருக்கிற சிப் காயிலை அளக்கிறது. ஷார்ட் என்றால் சுடவே மறுக்கிறது. பேட்டரி இறங்கினால் நிறுத்துகிறது. பட்டன் சிக்கிக்கொண்டாலும் பெரும்பாலானவை 10 வினாடியில் தானாகவே அணைந்துவிடும். அன்றாடத்துக்கு நான் எடுப்பது இதைத்தான், யார் கேட்டாலும் சொல்வதும் இதைத்தான். ஆனால் சிப் இருக்கிறதே என்று பேட்டரிக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். அங்கேதான் எனக்குக் கவலை.

மெக்கானிக்கலில் பழகியவர்கள் இங்கேயும் காயில் ஓமை வைத்தே பேட்டரிக்கு எவ்வளவு சுமை என்று கணக்குப் போடுகிறார்கள். அது தவறு. சிப், பேட்டரியிடம் ஒரு வோல்டேஜில் வாங்கி, காயிலுக்கு வேறு வோல்டேஜில் கொடுக்கிறது. பேட்டரியின் சுமையைத் தீர்மானிப்பது நீங்கள் வைத்திருக்கும் வாட். 60 வாட் வைத்தால் காயில் 0.15 ஓமோ 1 ஓமோ, பேட்டரிக்கு ஒன்றுதான். கணக்கு இப்படி: வாட்டை, சிப் நிறுத்தும் குறைந்தபட்ச வோல்டேஜால் வகுத்து, மறுபடி சிப்பின் செயல்திறனால் வகுக்க வேண்டும். 60ஐ 3.2ஆலும் பிறகு 0.9ஆலும் வகுத்தால் 20.8 ஆம்பியர். ஒற்றைப் பேட்டரிக் கருவியில் 15 ஆம்பியர் பேட்டரிக்கு இது தாங்காது, 20ஐயும் சற்றுத் தாண்டுகிறது. இன்னொன்று, இந்தச் சுமை பேட்டரி இறங்க இறங்கக் கூடும். மெக்கானிக்கலில் இது நேர் எதிர், பேட்டரி இறங்கினால் மின்னோட்டமும் தானாகக் குறையும். ஒற்றை 18650 போடும் கருவியின் திரையில் 80 வாட் வரை எண் ஏறலாம். 80 வைத்தால் பேட்டரியிடம் கேட்பது கிட்டத்தட்ட 28 ஆம்பியர். 40 வாட்டுக்கு மேல் வேண்டுமா, இரட்டைப் பேட்டரிக் கருவிக்குப் போய்விடுங்கள், ஆளுக்குப் பாதியாகச் சுமை பிரியும். அந்த இரண்டு பேட்டரியும் ஒரே நாளில் வாங்கியதாக, ஒன்றாகவே சார்ஜ் ஆகி ஒன்றாகவே தீர்கிற ஜோடியாக இருக்க வேண்டும். நான் மார்க்கரில் ‘அ’, ‘ஆ’ என்று ஜோடிக்கு ஒரு எழுத்து எழுதி வைத்திருக்கிறேன்.

டெக்கில் காயில் கட்டும் வேலையில் எந்தக் கருவிக்கும் மாறாத சில விஷயங்கள் உண்டு. 26 கேஜ் தடிமனுள்ள காந்தல் என்ற உலோகக் கலவைக் கம்பியை 3 மில்லிமீட்டர் குச்சியில் 6 சுற்று சுற்றினால் 0.8 ஓம் அருகே வரும். அதே மாதிரி இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் 0.4. அதைவிடத் தடித்த 24 கேஜில் அதே 6 சுற்று ஒற்றைக் காயிலுக்கே 0.5 சொச்சம்தான். இரண்டு காயில் போடும்போது ரெசிஸ்டன்ஸ் பாதியாகும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே யோசித்துவிட வேண்டும். மாட்டி முடித்து, காயிலின் நீண்டிருக்கும் கால்களை ஒட்ட நறுக்கி, மூடியை வைத்துப் பார்ப்பேன். காலின் நுனி மூடியின் உள்பக்கத்தைத் தொட்டாலே ஷார்ட். பிறகு ரெகுலேட்டட் மாடிலோ ஓம் மீட்டரிலோ அளப்பேன். மெக்கானிக்கலில் ஏறப்போகும் காயிலாக இருந்தாலும் முதல் சூடு ரெகுலேட்டரில்தான், குறைந்த வாட்டில், விட்டு விட்டு. காயில் நடுவில் இருந்து இரண்டு ஓரத்துக்கும் சமமாகச் சிவந்து பரவ வேண்டும். ஒரு சுற்று மட்டும் முந்திக்கொண்டு வெள்ளையாக எரிந்தாலோ, கால் மட்டும் சிவந்தாலோ, பட்டனில் இருந்து கையை எடுத்துவிட்டுச் செராமிக் இடுக்கியால் சுற்றுகளை வருடிச் சேர்க்க வேண்டும். உலோக இடுக்கியை ஓடும் காயிலுக்கு அருகே கொண்டுபோகவே வேண்டாம்.

திரையில் தெரியும் ஓம் எண் நல்ல மருத்துவர் மாதிரி. நேற்று 0.42 காட்டியது இன்று 0.48க்கும் 0.40க்கும் தாவினால் போஸ்ட் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, அல்லது 510இல் திரவம் இறங்கியிருக்கிறது. வேறு கருவிக்கு மாற்றிப் பார்க்காமல் அட்டமைசரைத் திறந்து பாருங்கள். முக்கியமாக, எண் தாவுகிற அட்டமைசரை மெக்கானிக்கலில் வைக்கவே கூடாது, அங்கே அதைக் கவனிக்கச் சிப் இல்லை.

வெப்பக் கட்டுப்பாடு தனிக் கதை. ஈவால்வ் நிறுவனத்தின் டிஎன்ஏ 40 சிப் 2014இல் இதைக் கொண்டுவந்தது. நிக்கல், டைட்டானியம், 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போன்ற கம்பிகள் சூடானால் ரெசிஸ்டன்ஸ் ஏறும். அந்த ஏற்றத்தை வைத்துச் சிப் வெப்பத்தைக் கணித்து, சக்தியைக் குறைக்கும். காந்தலில் ஏற்றம் மிகக் குறைவு, அதனால் இது வேலை செய்யாது. திரவத்தை உறிஞ்சிக் காயிலுக்குக் கொடுக்கும் பஞ்சு காய்ந்துபோனால் கருகாமல் நிறுத்திவிடும் என்பதே இதன் பெரிய நன்மை. கருகிய இழுப்பில் தொண்டை எரிவது மட்டுமில்லை, ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்றவையும் உருவாகின்றன. நான் ஸ்டீல் கம்பியோடு நின்றுவிட்டேன். நிக்கலையும் டைட்டானியத்தையும் சிவக்கக் காய்ச்சக் கூடாது என்பதால் பஞ்சு மாற்றும்போது காயிலைச் சுத்தம் செய்வது பெரும்பாடு. ஸ்டீலில் அந்தச் சிரமம் குறைவு, மெதுவாக, மங்கலாகச் சிவக்கிற அளவுக்குக் காய்ச்சினால் போதும். அட்டமைசர் அறை வெப்பத்துக்கு ஆறிய பிறகு ஓமைப் பூட்ட வேண்டும், அதாவது அப்போது காட்டும் எண்ணையே சிப் அடிப்படையாக வைத்துக்கொள்ளும்படி நிலைநிறுத்த வேண்டும், சூட்டோடு பூட்டினால் கணக்கு மொத்தமும் பிசகும்.

இப்போது என்னிடம் டேங்குகள் எல்லாம் இரட்டைப் பேட்டரி ரெகுலேட்டரில்தான் இருக்கின்றன. முள் நன்றாக நீண்ட டிரிப்பர்கள் மட்டும் எப்போதாவது மெக்கானிக்கலில் ஏறும், அதுவும் 0.35 ஓமுக்குக் குறையாமல், ஹைப்ரிட் அல்லாத குழாயில். ருசியில் மெக்கானிக்கல் மேல் என்கிறார்கள். காயிலும் வாட்டும் ஒன்றாக இருக்கும்போது எனக்கு அப்படி வித்தியாசம் தெரிந்ததில்லை. பட்டனை அழுத்தியதும் வருகிற அந்த உடனடித் தன்மை பிடித்திருந்தால் சில ரெகுலேட்டட் மாடுகளில் பைபாஸ் என்றே ஒரு முறை இருக்கிறது. பேட்டரி வோல்டேஜ் அப்படியே போகும், ஷார்ட் ஆனால் சிப் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்கல் வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் அதைப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

பேட்டரிகளைத் தனிச் சார்ஜரில், 1 ஆம்பியரில், நான் விழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்கிறேன். சும்மா கிடக்கும் பேட்டரிகள் பிளாஸ்டிக் டப்பாவில். சாவி, சில்லறையோடு பாக்கெட்டில் கிடந்தாலும் ஷார்ட் ஆகும், அதற்கு அட்டமைசரே தேவையில்லை. விமானத்தில் போனால் கருவியும் பேட்டரியும் கைப்பையில்தான் வர வேண்டும், 2015இல் இருந்து சர்வதேச விதி அது. முன்பைவிடச் சார்ஜ் சீக்கிரம் தீர்கிற, சார்ஜரில் வழக்கத்தைவிடச் சூடாகிற பேட்டரியை முதலில் மெக்கானிக்கலில் இருந்து விலக்குகிறேன். கொஞ்ச நாள் டார்ச் லைட்டில் ஓடும். அதற்கும் ஆகவில்லை என்றால் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, பழைய பேட்டரி வாங்கும் மறுசுழற்சிப் பெட்டியில் போட்டுவிடுவேன்.