கோட்டூவா, __ஃப்ரீயா? கர்னல் பேட்ச் படிப்பவர் பக்கமிருந்து

பெருங்குடியில் எங்கள் லேபில் ஏழு சென்சார் டிரைவர்களை நாங்களே எழுதிப் பராமரிக்கிறோம். அவற்றை லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 6.6க்கு மாற்றும்போது எப்படியும் எல்லா ஃபைலையும் தொட வேண்டியிருந்தது. அப்படியே, கேமாலாக்கில் (கர்னலுக்குள் நினைவகம் கேட்டு வாங்கும் ஃபங்ஷன்) எடுத்த நினைவகத்தை விடுவிக்கும் முறையையும் ஒரே மாதிரி ஆக்கிவிடலாம் என்று பேச்சு வந்தது. பிழை வந்தால் ஃபங்ஷனின் கீழே உள்ள விடுவிக்கும் லேபிளுக்குக் குதிக்கும் பழைய கோட்டூ, டிரைவர் கழலும்போது தானே விடுவிக்கும் டெவ்எம் வகை ஃபங்ஷன்கள், மாறியின் எல்லை முடியும்போது தானே விடுவிக்கும், 2023இல் 6.5 கர்னலோடு வந்த __ஃப்ரீ என மூன்று வழிகள் இருந்தன. நான் __ஃப்ரீ பக்கம் நின்றேன், இன்றும் அங்கேதான் நிற்கிறேன்.

டெவ்எம் பற்றிச் சுருக்கமாக. டிவைஸ் இணையும்போது ஓடும் புரோப் ஃபங்ஷனில் எடுத்து, டிரைவர் கழலும்வரை வைத்திருக்கும் நினைவகத்துக்கு அதுதான் வசதி. 2007லிருந்து இருக்கிறது, அங்கே நாங்கள் அதை மாற்றவில்லை. ஆனால் ஐஆக்டில் (பயனர் புரோகிராம் டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் வழி) போல அடிக்கடி ஓடும் இடத்தில் டெவ்எம் போட்டால், ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு துண்டு சேர்ந்துகொண்டே போகும். டிரைவர் கழன்றால்தான் எல்லாம் விடுபடும். அப்புறம், யாரோ டிவைஸ் ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்போது டிவைஸைப் பிடுங்கினால் நினைவகம் போய்விடும், ஃபைல் மட்டும் திறந்தே இருக்கும். அடுத்து வரும் ரீட், விடுவித்த இடத்தைத் தொடும். ஆக, உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

கோட்டூவின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே. எந்தக் கர்னலிலும் ஓடும், எது எப்போது விடுபடுகிறது என்பது கண்முன் எழுதியிருக்கும். ஒரு ஃபங்ஷனை முதல் வரியிலிருந்து கடைசி வரை படிக்கிறவருக்கு அதில் குறையே இல்லை.

பேட்ச் (ஒருவர் அனுப்பும் கோட் மாற்றம்) பார்க்கும்போது யாரும் அப்படி முழுதாகப் படிப்பதில்லை. கிட் காட்டும் டிஃப்பில் (மாறிய வரிகளை மட்டும் காட்டும் பட்டியல்) மாறிய இடத்துக்கு மேலே மூன்று வரி, கீழே மூன்று வரி, அவ்வளவுதான். எங்கள் டீமில் ஒரு தம்பி, தொண்ணூறு வரி ஐஆக்டில் ஒன்றின் நடுவில், கேலிபரேஷன் மதிப்பு வரம்புக்குள் இருக்கிறதா என்று ஒரு சோதனை சேர்த்தார். இல்லையென்றால் பிழை எண்ணோடு ரிட்டர்ன். டிஃப்பில் அழகாக இருந்தது, நான்தான் ஒப்புதல் கொடுத்தேன். பஃபர் எடுத்த வரி முப்பது வரி மேலே, அதை விடுவிக்கும் லேபிள் நாற்பது வரி கீழே. இரண்டுமே என் திரையில் இல்லை. புதிய ரிட்டர்னோ அந்த லேபிளுக்குப் போகாமலே வெளியேறியது.

வெள்ளிக்கிழமை மாலை போர்டை டெஸ்டில் ஓடவிட்டுக் கிளம்பினோம். திங்கள் காலை, விடுபடாத நினைவகத்தைக் கண்டுபிடிக்கும் கேமெம்லீக்கின் ஃபைலைத் திறந்தால், யாரும் சுட்டாத 2048 பைட் துண்டுகள் வரிசையாக நின்றன. "அண்ணா, டிஃப்ல பார்த்தப்போ சரியாத்தானே இருந்துச்சு?" என்றார் தம்பி. சரியாகத்தான் இருந்தது. என்னைப் பொறுத்தவரை அந்த ஒரு கேள்வியிலேயே முடிவு ஆகிவிட்டது. டிரைவரை எழுதுவது ஒருமுறை, அதன் நடுவில் யாராவது வரி செருகுவது வருடக்கணக்கில் நடக்கும்.

__ஃப்ரீ(கேஃப்ரீ) என்று, நினைவக முகவரியை வைத்திருக்கும் பாயிண்டரை அறிவிக்கும் வரியிலேயே எழுதிவிட்டால், அந்தப் பெயர் வாழும் எல்லை முடியும்போது கம்பைலரே விடுவிக்கும் கோடைச் செருகுகிறது. நடுவில் எத்தனை ரிட்டர்ன் வந்தாலும் கவலையில்லை, தம்பியின் அதே பேட்ச் இங்கே உண்மையாகவே சரி. நினைவகத்தை வெளியே கொடுக்கும்போது மட்டும் நோ_ஃப்ரீ_பாயிண்டர் வழியாகக் கொடுக்க வேண்டும். அது மதிப்பைத் திருப்பிவிட்டு மாறியை வெறுமையாக்கும். ரிட்டர்ன்_பாயிண்டர் அதையே ரிட்டர்னோடு சேர்த்துச் செய்யும். உரிமை கைமாறும் இடம் டிஃப்பில் பெயரோடு தெரிவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இதிலும் பள்ளங்கள் உண்டு. பயனர் தரவை நகலெடுக்கும் மெம்டப்_யூசர் தோற்றால் வெற்றுப் பாயிண்டர் வராது, பிழை எண்ணைச் சுமந்த பாயிண்டர் வரும். முகவரி வெளியின் கடைசி 4095 எண்கள் அதற்கென்றே உள்ளவை. முதலில் வந்த __ஃப்ரீ(கேஃப்ரீ) வெறுமையை மட்டும்தான் பார்த்தது, 2024இல்தான் பிழைப் பாயிண்டரையும் விட்டுவிடும்படி திருத்தினார்கள். உங்கள் கர்னலின் ஸ்லாப் தலைப்பு ஃபைலில் அந்த வரி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொன்று வரிசை. கடைசியில் அறிவித்தது முதலில் விடுபடும். பழைய பழக்கத்தில் பாயிண்டரை ஃபங்ஷன் தலையில் வெறுமையாக அறிவித்து, கீழே மியூடெக்ஸ் என்னும் பூட்டுக்குக் கார்டு (எல்லை முடிந்ததும் பூட்டைத் தானே திறப்பது) போட்டு, அதற்கும் கீழே நினைவகம் எடுத்தால், வெளியேறும்போது பூட்டு முதலில் திறக்கும், பிறகுதான் நினைவகம் விடுபடும். பூட்டுக்குள்ளேயே விடுவிக்க வேண்டிய பொருளென்றால் இது ஆபத்து. அதனால் எடுக்கும் இடத்திலேயே அறிவியுங்கள் என்று எங்கள் பேட்ச்களில் பிடிவாதமாகக் கேட்கிறேன். ஒரே ஃபங்ஷனில் கோட்டூவையும் இதையும் கலக்கக் கூடாது என்று கர்னல் ஆவணமே சொல்கிறது. அறிவிப்பைத் தாண்டிக் குதிக்கும் கோட்டூவை கிளாங் கம்பைலர் பிழையென்று நிறுத்திவிடும், ஜிசிசி கம்பைலர் விட்டுவிடும். நாங்கள் இரண்டிலும் கம்பைல் செய்கிறோம்.

நான் இதைச் சென்சார் டிரைவர்களில்தான் பயன்படுத்தியிருக்கிறேன். நெட்வொர்க் டிரைவர் எழுதியதில்லை. அந்தப் பகுதியைப் பராமரிப்பவர்கள் __ஃப்ரீயை நேரடியாகப் போடுவதை ஊக்குவிப்பதில்லை என்று தங்கள் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே பேட்ச் அனுப்புகிறவர்கள் கோட்டூவோடு போவதே நல்லது.

எங்களிடமும் இரண்டு ஃபங்ஷன்கள் இன்னும் கோட்டூவில்தான் இருக்கின்றன. இரண்டும் எஸ்பிஐ (சிப்களை இணைக்கும் தொடர் பஸ்) டிரைவரில் இருப்பவை, ஒவ்வொன்றிலும் டிஎம்ஏ மேப்பிங்கோடு (சாதனம் நேரடியாக நினைவகத்தைத் தொட வழிசெய்வது) பின்னிய மூன்று லேபிள்கள். பாதி மாற்றினால் இரண்டும் கலந்துவிடும். முழுதாக மாற்றினால் ஒவ்வொரு பிழை வழியையும் போர்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு நேரம் கிடைக்கும்வரை அவை அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். அந்த இரண்டைத் தொடும் பேட்ச் வந்தால், டிஃப்பை மூடிவிட்டு ஃபைலைத் திறந்து முழுதாகப் படிக்கிறேன்.