தளர்ந்திருந்த சிறிய பவளத் தொட்டி: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் இருக்கும் 60 லிட்டர் உப்புநீர்த் தொட்டி, வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த நண்பர் ஒருவரிடமிருந்து நலிந்த நிலையில் எனக்கு வந்தது. ஹேமர் பவளம் சதை சுருங்கி எலும்புக்கூட்டோடு ஒட்டியிருந்தது. சோவாந்திட்டுகள் என்னும் பூப்போல விரியும் சிறு உயிரிகள் பகலிலும் மூடியே கிடந்தன. மணலின் மேல் பழுப்பு நிறச் சளி படர்ந்து, அதில் காற்றுக் குமிழிகள் தொங்கின. இரண்டு கோமாளி மீன்கள் மட்டுமே நலமாக இருந்தன. பல ஆண்டுகளாக இத்தொட்டியைப் பராமரித்து வருவதால், எந்தக் கருவி உண்மையில் பயன்பட்டது, எந்தச் சிகிச்சை பலித்தது என்பதை இங்கே பகிர்கிறேன்.

முதலில் சோதிக்க வேண்டியது உப்புத்தன்மை. தொட்டியுடன் வந்த முள் வகை ஹைட்ரோமீட்டர் 1.025 என்ற அடர்த்தி எண்ணை, அதாவது ஏறக்குறைய கடல்நீரின் உப்பளவைக் காட்டியது. 35 பி.பி.டி. (ஆயிரம் பங்கில் 35 பங்கு உப்பு, கடல்நீரின் அளவு) நிர்ணயக் கரைசலால் சரிபார்த்த ரிஃப்ராக்டோமீட்டரோ, அதாவது ஒளிவிலகலால் உப்பை அளக்கும் கருவியோ, 31 பி.பி.டி. என்றது. முள்ளில் ஒட்டும் நுண்குமிழிகள் அதை மேலே தூக்கிவிடுவதால் அவ்வகைக் கருவிகள் உப்பை மிகைப்படுத்திக் காட்டுவதுண்டு. ரிஃப்ராக்டோமீட்டரையும் வெறும் தூயநீரில் பூஜ்யத்துக்கு வைத்தால் போதாது. கடல்நீரின் அளவிலேயே சரிபார்க்க வேண்டும். ஆவியாகும் நீருக்கு ஈடாக நன்னீருக்குப் பதில் உப்புநீரை ஊற்றி, அவசரமின்றி 35க்குக் கொண்டுவந்தேன். சோவாந்திட்டுகள் பாதியளவு திறந்தது இதன் பிறகுதான்.

வெப்பம் இரண்டாவது சிக்கல். இங்கே பகல் வெப்பம் 31, 32 டிகிரியைத் தொடும். பவளங்களுக்கோ 25 முதல் 27 வரை உகந்தது. நீர்ப்பரப்பின் மேல் வீசும் சிறு மின்விசிறி இரண்டு மூன்று டிகிரி குறைக்கிறது, மலிவாகவும் கிடைக்கிறது; ஆனால் ஆவியாதலைக் கூட்டிவிடுகிறது. இந்த அளவுத் தொட்டியில் ஒன்றரை லிட்டர் ஆவியானாலே உப்புத்தன்மை 35இலிருந்து கிட்டத்தட்ட 36க்கு ஏறிவிடும். ஆகவே விசிறி வைப்பவர்கள் தானியங்கி நீர்நிரப்பியையும் சேர்த்தே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இவை சரியான பிறகும் பழுப்புச் சளி போகவில்லை. அதைப் பாசி என்று எண்ணி நீரை இன்னும் சுத்தமாக்குவதே பலரும் செய்வது. நண்பரும் பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகளை வடிகட்டியில் இட்டு, வாரந்தோறும் நீரையும் பெருமளவில் மாற்றிவந்தார். ஹன்னா நிறுவனத்தின் மிகக் குறைந்த அளவைக் காட்டும் பாஸ்பரஸ் கருவியில் பார்த்தபோது அளவு பூஜ்யத்தையொட்டியே இருந்தது, நைட்ரேட்டும் இல்லை. (அக்கருவி பாஸ்பரஸை பி.பி.பி. (நூறு கோடியில் ஒரு பங்கு) அலகில் காட்டும், அதை 3.066ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பாஸ்பேட்டின் பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவு கிடைக்கும். வண்ண அட்டையுடன் ஒப்பிடும் சோதனைகளில் 0க்கும் 0.05க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் பிரித்தறிவது கடினம். பவளத் தொட்டியிலோ அந்த வேறுபாடுதான் முக்கியம்.)

சளியின் ஒரு துளியை மாணவர்கள் பயன்படுத்தும் எளிய நுண்ணோக்கியில் வைத்தேன். கண்ணீர்த் துளி வடிவச் செல்கள், ஒரு முனை நூலில் கட்டப்பட்டவை போல நின்ற இடத்திலேயே சுழன்றுகொண்டிருந்தன. அவை ஆஸ்ட்ரியாப்சிஸ் என்னும் டைனோஃபிளாஜெலேட் (நீந்தும் ஒருசெல் உயிரி) வகை. பாசியும் பாக்டீரியாவும் வாழ ஊட்டம் இல்லாத நீரில் போட்டியின்றிப் பெருகுபவை இவை; இவற்றின் நஞ்சு நத்தைகளையும் கொல்லும். இனத்தை அறியாமல் மருத்துவம் தொடங்கக் கூடாது. ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் நீரில் மிதக்கும் என்பதால் நீரைத் தன்னுள் செலுத்தி உயிரிகளைக் கொல்லும் புற ஊதா விளக்கு அதைப் பிடித்துவிடும். மணலிலேயே தங்கும் ஆம்ஃபிடினியம் வகைக்கு அதே விளக்கு பெரும்பாலும் வீண்செலவு.

இரும்பு ஆக்சைடு மணிகளை எடுத்துவிட்டு, நீர் மாற்றுவதையும் தற்காலிகமாக நிறுத்தினேன். சோடியம் நைட்ரேட்டும் சோடியம் பாஸ்பேட்டும் சிறு அளவில் சேர்த்து, நைட்ரேட்டை 5 முதல் 10 பி.பி.எம்., பாஸ்பேட்டை 0.05 முதல் 0.1 பி.பி.எம். வரை உயர்த்த முயன்றேன். சேர்த்த பாஸ்பேட்டைப் பாறையின் சுண்ணாம்பு முதலில் உறிஞ்சிக்கொள்வதால், மறுநாளே அளவு மீண்டும் பூஜ்யத்துக்கு இறங்கும். இதில் மனம் தளராமல் தொடர வேண்டும். புற ஊதா விளக்குக்கான நீரைத் தொட்டியின் பின்புற வடிகட்டி அறையிலிருந்து எடுக்காமல் பவளங்கள் இருக்கும் முன்பகுதியிலிருந்தே எடுத்தேன். சளி முதலில் மெலிந்து, பிறகு திட்டுத்திட்டாக விலகியது; கண்ணாடியில் பச்சைப் பாசி தோன்றியதைக் கண்டு அவ்வளவு மகிழ்ந்தேன். வெளிறியிருந்த ஹேமரின் நுனிகளில் மெல்ல நிறம் திரும்பியது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகம் குழாய்நீரைக் குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமினால் கிருமிநீக்குகிறது. தொட்டிக்கான நீரைத் தூய்மையாக்கும் வடிகட்டியின் கரி அதை உடைக்கும்போது வெளிப்படும் அம்மோனியாவை ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) சவ்வு முழுதாகத் தடுப்பதில்லை. இறுதியில் உள்ள டி.ஐ. (அயனி நீக்கும்) ரெசினே அதைப் பிடிக்கிறது. ரெசினை டி.டி.எஸ். (நீரில் கரைந்த திடப்பொருள்) அளவு பூஜ்யத்திலிருந்து நகர்ந்தவுடனே மாற்றிவிடுகிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். இந்தியாவில் கடற்பாறை உருவாக்கும் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை; மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டை எடுப்பதும் குற்றம். அங்கே மீன்கள் மட்டும் உள்ள உப்புநீர்த் தொட்டியே சரியான தேர்வு. உப்புத்தன்மை, வெப்பம் குறித்து மேலே சொன்னவை அதற்கும் பொருந்தும்.

ஹேமர் கிளைவிட்டுத் தலைகள் பெருகியதும், எலும்புக்கூட்டை வளர்க்க அவை செலவிடும் காரத்தன்மை வார இறுதிக்குள் 8.5 டி.கே.எச்.இலிருந்து (காரத்தன்மையின் அலகு) 7க்கு இறங்கத் தொடங்கியது. இதற்கு நீர்நிரப்பியின் கலனில் கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது கால்க்வாசர், கலந்து வருகிறேன். குளிரூட்டிக்காகச் சன்னல்களை மூடிய வீட்டில் கரியமில வாயு கூடி 7.8க்குத் தாழும் பி.எச். அளவையும் இது உயர்த்துகிறது. ஆனால் நீர்நிரப்பியின் உணரி பழுதானால் கலன் முழுவதும் தொட்டிக்குள் கொட்டிவிடும் ஆபத்து உண்டு. அதனால் கலனில் 5 லிட்டருக்கு மேல் நிரப்புவதில்லை. கரைசலையும் நிறைசெறிவில் (நீர் கரைக்கக்கூடிய உச்ச அளவில்) கால் பங்காகவே வைக்கிறேன். அத்தனையும் ஒரேயடியாகக் கொட்டினால் உப்புத்தன்மை 32 அளவுக்கு இறங்கக்கூடும். காரத்தன்மையின் ஏற்றமோ இரண்டரை டி.கே.எச்.சைத் தாண்டாது.