கிராமட்டிக்கல் ஃபிரேம்வொர்க்: எஸ்பெராந்தோவை வைத்து ஒரு மதிப்பீடு

இலக்கண விதிகளைக் கணினி இயக்கிப் பார்க்கும் வடிவில் எழுதுவதற்கான நிரல்மொழி கிராமட்டிக்கல் ஃபிரேம்வொர்க். 1998இல் பிரான்சின் கிரெனோபிளில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் ஆர்னே ராந்தா தொடங்கிய இது இன்று இலவசமாகக் கிடைக்கிறது. இதில் எஸ்பெராந்தோ என்ற புனைமொழிக்கு (திட்டமிட்டு உருவாக்கிய மொழிக்கு) ஒரு சிறு இலக்கணம் எழுதினேன். 1887இல் சாமென்ஹாஃப் வெளியிட்ட அந்த மொழிக்கு விதிகள் 16தான் என்பதால் வேலை ஒரு மாலையில் முடிந்துவிடும் என்று எண்ணியது என் அறியாமை.

பொருளின் கட்டமைப்பை ஒரு கோப்பிலும், அது சொற்களாக வெளிப்படும் முறையை மற்றொரு கோப்பிலும் எழுத வேண்டும். எஸ்பெராந்தோப் பெயர்ச்சொல் 'ஓ'வில் முடியும். பன்மைக்கு 'ய்', இரண்டாம் வேற்றுமைக்கு 'ன்' சேரும். பெயரடையும் அவற்றை ஏற்கும். எண் இரண்டு, வேற்றுமை இரண்டு என அறிவித்து நான்கு வடிவங்களுக்கு ஓர் அட்டவணை தந்தால், 'அழகிய பூக்களை' என்பது 'பெலாய்ன் ஃப்ளோரோய்ன்' என்று பிழையின்றி வருகிறது. வாக்கியத்தை ஆக்கும் அதே விதியே அதைப் பகுக்கவும் செய்கிறது என்பதுதான் இக்கருவியின் பெருஞ்சிறப்பு. வினைகள் தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற இடத்துக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறுவதில்லை. ஆறு விகுதிகளோடு அந்தப் பகுதி முடிந்தது.

இடறியது சொல்லாக்கத்தில்தான். மருத்துவமனைக்கு எஸ்பெராந்தோவில் 'மல்சானுலேயோ' என்று பெயர்: எதிர்மறை முன்னொட்டு, 'நலம்' என்ற வேர், ஆளைக் குறிக்கும் ஒட்டு, இடத்தைக் குறிக்கும் ஒட்டு, பெயர் விகுதி ஆகிய ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நிற்கின்றன. வேர்களை இப்படி விருப்பம்போல் ஒட்டிக்கொள்வதே அம்மொழியின் உயிர். இக்கருவியோ, இலக்கணக் கோப்புகளைக் கணினி இயக்கும் வடிவுக்குத் தொகுக்கும் நேரத்திலேயே எல்லாச் சொற்களும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. இயங்கும்போது இரு துண்டுகளை ஒட்டும்படி எழுதினால் பிழைச்செய்தியோடு மறுத்துவிடுகிறது. துண்டுகளைத் தனிச் சொற்களாகவே வைத்து, இடையே 'பைண்ட்' என்ற குறியை நிறுத்தி, வெளியிடும்போது இணைப்பது மாற்று வழி. அது வேலை செய்கிறது. ஆனாலும் விதிக்கோப்பைப் படிப்பவருக்கு அது ஒட்டுப்போட்ட துணிபோலத்தான் தெரியும்.

வேறொரு நன்மையை நான் எதிர்பார்க்கவில்லை. 'வீட்டுக்குச் சிவப்பு வண்ணம் பூசினேன்' என்ற பொருளில் வீட்டுக்கு மட்டும் 'ன்' வரும், சிவப்புக்கு வராது. வந்தால் 'சிவந்த வீட்டுக்கு வண்ணம் பூசினேன்' என்று பொருள் மாறிவிடும். 16 விதிகளில் இது இல்லை. பேசுபவர்களின் வழக்கில் இருக்கிறது. கருவியைத் தற்செயல் வாக்கியங்கள் உருவாக்கச் சொன்னபோது, 'மலை தண்ணீரைப் படிக்கிறது' போன்ற கூத்துகளுக்கு நடுவே என் இலக்கணத்தில் இருந்த இந்த ஓட்டை அகப்பட்டது. அதற்கெனத் தனி வகைப்பாடு ஒன்றைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

வாக்கிய அமைப்பு சிக்கலாக இருக்கும் புனைமொழிக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சொல்லாக்கமே முதன்மையாக உள்ள மொழிக்கு, சொற்களின் உட்கூறுகளைப் பகுக்கும் ஃபோமா என்ற கருவி பொருத்தமானது. நான் இப்போது வேர்களை ஃபோமாவில் பிரித்துக்கொண்டு, தொடரை மட்டும் கிராமட்டிக்கல் ஃபிரேம்வொர்க்கிடம் ஒப்படைக்கிறேன்.